கெட்டுப்போன பீரும் ஜெல்டால் குடுவையும்

பணியில் இருந்த முப்பத்திரண்டு வருடங்களில் நான் அதிகம் கையாண்டவை இரண்டு. ஒன்று, நீண்ட கழுத்தும் பேரிக்காய் போன்ற வயிறும் கொண்ட ஜெல்டால் குடுவை. இன்னொன்று, பிஹெச் என்ற அளவு. பால், பால் பவுடர், மாட்டுத் தீவனம், புண்ணாக்கு என்று எது வந்தாலும் இந்த இரண்டில் ஒன்றைத் தாண்டித்தான் ரிப்போர்ட் வெளியே போகும். இரண்டும் பிறந்தது ஒரே ஆய்வகத்தில். அந்த ஆய்வகத்தை நடத்தியது ஒரு பீர் ஆலை. எங்கள் செக்‌ஷனில் இது தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். தெரிந்தவர்களும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். தலைக்கு மேலே காந்தி படம் மாட்டியிருக்கிறதே!

இது பீர் காய்ச்சும் செய்முறைக் குறிப்பு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் நண்பர்களே. நம் மாநிலத்தில் உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். எனக்கும் அதில் ருசி இல்லை. ஆனால் பீர் கெட்டுப்போவதைத் தடுக்க மனிதர்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதில் எனக்கு அசாத்திய ருசி உண்டு. நான் சோறு சாப்பிட்ட தொழிலே அந்தப் பாட்டில் இருந்து வந்ததுதான்.

பீர் எப்படி உண்டாகிறது என்பதை நாலு வரியில் சொல்லலாம். பார்லியை ஊறவைத்து முளைகட்டிக் காய வைக்கிறார்கள். நம் வீட்டில் கேழ்வரகை முளைகட்டிக் காய வைக்கிறோமே, அதே மாதிரிதான். அதை உடைத்துச் சுமார் 65 டிகிரி சூட்டு நீரில் ஊறவிட்டால், தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும். அந்தத் தித்திப்பு நீரை வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்தால் சில நாளில் நொதித்துவிடும். ஒவ்வொரு படியிலும் காரியம் கெட வழி உண்டு. சூடு கூடினால் ஒரு கேடு, குறைந்தால் இன்னொரு கேடு. ஆறவைக்கும்போது காற்றில் இருந்து எது வந்து விழும் என்று தெரியாது. பவேரியாவில் 1553-ல் ஒரு சட்டமே போட்டார்கள்: ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை யாரும் பீர் காய்ச்சக் கூடாது. கோடையில் காய்ச்சினால் புளித்துப் போகிறது, காரணம் தெரியவில்லை, ஆகவே கோடையில் காய்ச்சாதே. கஷ்டமான பிரச்சினைக்கு அரசாங்கங்கள் எப்போதும் கண்டுபிடிக்கும் தீர்வு இதுதான்!

இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டிலும் காய்ச்சுபவர்கள் கையை விட்டுத்தான் சூடு பார்த்தார்கள். மைக்கேல் கூம்ப்ரூன் என்பவர் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சலாம் என்று 1758-ல் எழுதினார். பெரியவர்கள் கேட்கவில்லை. ஹாம்ப்ஷயரில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்ற இளைஞர் அப்பாவின் ஆலையில் தெர்மாமீட்டரை ஒளித்துவைத்துத்தான் உபயோகிக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கு இந்த நவீனம் பிடிக்காது. அதோடு நில்லாமல், திரவத்தில் மிதந்து அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரையும் பிடித்துக்கொண்டார். சர்க்கரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை நாக்கை நம்பாமல் அளந்துவிடலாம் என்று சொல்லி, லண்டனின் மிகப் பெரிய ஆலைக்காரர்களில் ஒருவரான சாமுவேல் விட்பிரெட்டிடம் எடுத்துப்போனார். ஊருக்குப் போய் உன் வேலையைப் பார் தம்பி என்கிற மாதிரி அனுப்பிவைத்தார் விட்பிரெட். பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்க்கும் ஒவ்வொருவரும் பேவர்ஸ்டாக்குக்கு ஒன்றுவிட்ட உறவுதான். அதே தத்துவம், அதே கண்ணாடிக் குமிழ்.

விட்பிரெட் ஆலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

இனி பாஸ்டர். 1856-ல் அவர் லீல் நகரில் பேராசிரியர். பிகோ என்ற ஆலை முதலாளி வந்து நின்றார். பீட்ரூட்டில் இருந்து சாராயம் எடுப்பவர். அவர் மகன் பாஸ்டரின் மாணவன். சில தொட்டிகள் நன்றாக நொதிக்கின்றன, சில தொட்டிகள் புளித்துப் பாழாகின்றன, ஏன் என்பது அவர் கேள்வி. பாஸ்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட். கெட்ட தொட்டியில் அதைவிடச் சிறிய, குச்சி போன்ற உயிர்கள். அந்தக் குச்சிகள்தான் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. நம் வீட்டு இட்லி மாவைப் புளிக்கவைப்பதும் தயிரை உறையவைப்பதும் அந்த வகையறாதான். நாம் கையெடுத்துக் கும்பிட்டு வரவேற்கும் விருந்தாளி, பீர்க்காரனுக்குத் திருடன். மார்கழியில் மாவு பொங்கவில்லை என்று வீட்டில் அடுப்படி ஓரமாகப் பாத்திரத்தை நகர்த்திவைக்கிறார்களே, அதைப் பாஸ்டர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அவர் பீர் பக்கம் முழுதாகத் திரும்பியது 1870-71 போருக்குப் பிறகு. ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றது. பான் பல்கலைக்கழகம் கொடுத்திருந்த கௌரவப் பட்டத்தைத் திருப்பி அனுப்பிய மனிதர் அவர். பீர் என்றால் ஜெர்மனி என்ற பெயரை மாற்ற வேண்டும், பிரெஞ்சு பீர் மேலாக வர வேண்டும் என்று கிளம்பினார். வேடிக்கை என்னவென்றால் அவருக்குப் பீரின் ருசியே பிடிபடாது. நல்லதுக்கும் சுமாரானதுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று நண்பர் பெர்த்தன் கேலி செய்வாராம்.

1871 செப்டம்பரில் லண்டன் போய், விட்பிரெட் ஆலையின் ஈஸ்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ஈஸ்டுக்கு நடுவே வேண்டாத உயிர்கள் நெளிந்தன. உங்கள் போர்ட்டர் பீர் சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஒரு வாரம் கழித்து மறுபடி போனபோது ஆலையில் புது மைக்ராஸ்கோப் வாங்கி வைத்திருந்தார்கள். ஹைட்ரோமீட்டருடன் வந்த இளைஞனைத் திருப்பி அனுப்பிய அதே விட்பிரெட்! நூறு வருடம் ஆயிற்று, ஆனால் பாடம் ஏறியது. பாஸ்டரின் பீர் ஆராய்ச்சிப் புத்தகம் 1876-ல் வெளிவந்தது. பீரின் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நுண்ணுயிர் காரணம் என்பது அதன் சாரம்.

அப்படியானால் சுத்தமாக வைத்தால் போதுமே? போதவில்லை. அங்கேதான் டென்மார்க் வருகிறது.

கோபன்ஹேகனில் ஜே. சி. யாகப்சன் என்ற ஆலைக்காரர். 1845-ல் மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையில் இருந்து இரண்டு டின்களில் ஈஸ்ட் வாங்கிக்கொண்டு குதிரை வண்டியில் ஊர் திரும்பினார். ஈஸ்ட் சூடு தாங்காது. வண்டி நிற்கும் இடத்தில் எல்லாம் இறங்கித் தண்ணீர் ஊற்றி டின்களைக் குளிரவைத்துக்கொண்டே வந்தார். 1847-ல் ஊருக்கு வெளியே குன்றின் மேல் ஆலை கட்டி, மகன் கார்ல் பெயரையும் குன்றையும் சேர்த்து கார்ல்ஸ்பெர்க் என்று வைத்தார். (பின்னாளில் அப்பாவும் மகனும் தொழிலில் சண்டை போட்டு, இரண்டு ஆலைகளுக்கும் நடுவே இருந்த தெருவுக்கு ஆளுக்கொரு பெயர்ப்பலகை வைத்தது தனிக் கதை. எந்த ஊராக இருந்தால் என்ன, பாகப்பிரிவினை ஒன்றுதான்.) 1875-ல் ஆலையோடு ஓர் ஆய்வகம் தொடங்கினார். அதற்கு அவர் போட்ட விதியைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இங்கே கண்டுபிடிக்கப்படும் எதுவும், கொள்கை அளவில் முக்கியமானாலும் சரி, தொழிலுக்கு உபயோகமானாலும் சரி, ரகசியமாக வைக்கப்படக் கூடாது. பணம் போடுகிறவர் ஒரு வியாபாரி. போட்டிக்காரனுக்கும் தெரியட்டும் என்கிறார்.

இந்த விதிக்குச் சோதனை 1883-ல் வந்தது. கார்ல்ஸ்பெர்க்கின் பழைய ஆலையிலேயே பீருக்கு நோய் வந்துவிட்டது. ஒருவிதக் கசப்பு, கெட்ட நாற்றம். யாகப்சன் பாஸ்டரின் பரம பக்தர், அவருக்குச் சிலை எடுக்கப் பணம் கொடுத்தவர். பாஸ்டர் சொன்ன சுத்தம் எல்லாம் அங்கே உண்டு. ஆனாலும் பீர் நாறியது.

ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்று ஒருவர். ரீபே என்ற சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைத்து, மற்றவர்கள் வேலைக்குப் போகும் வயதில் படிக்க வந்தவர். டார்வினின் பீகிள் பயண நூலை நண்பருடன் சேர்ந்து டேனிஷில் மொழிபெயர்த்தவர். இவர் சொன்னது: நோய்க்குக் காரணம் பாக்டீரியா மட்டும் அல்ல, ஈஸ்டிலேயே நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. இரண்டும் உருண்டைதான், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அடையாளம் தெரியாது. நெல்லோடு களைநெல் வளர்வது போல, நல்ல ஈஸ்டோடு காட்டு ஈஸ்ட் கலந்து வளர்கிறது. ஈஸ்டைச் சுத்தப்படுத்த பாஸ்டர் சொன்ன டார்டாரிக் அமிலக் குளியல், இந்தக் காட்டு ஈஸ்டுக்கு இன்னும் சாதகமாகப் போய்விடுகிறது என்றும் காட்டினார். முதலாளியின் தெய்வத்தையே மறுத்துப் பேசுவது சாதாரணக் காரியமா?

பேச்சோடு விடவில்லை. ஈஸ்ட் கலந்த நீரை மேலும் மேலும் நீர்க்கச் செய்து, கடைசியில் ஒரு சொட்டில் ஒரே ஒரு செல் இருக்கும் அளவுக்குக் கொண்டுபோனார். அந்தச் சொட்டுகளைத் தனித்தனிக் குடுவைகளில் விட்டு அசையாமல் வைத்தார். எந்தக் குடுவையின் உள்சுவரில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றுகிறதோ, அது ஒரே செல்லின் சந்ததி. பிறகு கண்ணாடி வில்லையில் ஜெலட்டின் பூசி, ஒற்றைச் செல்லைக் குறித்துவைத்து, அது பெருகுவதைக் கண்ணாலேயே பார்க்கும் முறைக்கு வந்தார். ஆலை ஈஸ்டில் இருந்து இப்படிப் பிரித்ததில் நாலு வகை கிடைத்தது. நாலில் ஒன்றுதான் நல்ல பீர் கொடுத்தது. யாகப்சன் முதலில் நம்பவில்லை. பிறகு கண்ணால் கண்டு ஒப்புக்கொண்டார். 1883 நவம்பர் 12 அன்று, ஒற்றைச் செல்லில் இருந்து வளர்த்த அந்த ஈஸ்ட் ஆலைத் தொட்டியில் விடப்பட்டது. நோய் போயிற்று.

இப்போது யாகப்சன் கையில் இருந்தது, ஐரோப்பாவில் வேறு எவரிடமும் இல்லாத சரக்கு. ஒரு டின் ஈஸ்டுக்கு என்ன விலை வைத்திருந்தாலும் கொடுத்திருப்பார்கள். அவர் தன் விதிப்படி முறையை வெளியிட்டார். கேட்ட ஆலைகளுக்கு ஈஸ்டையும் கொடுத்தார். முன்பு மியூனிக்கில் அவருக்கு ஒருவர் கொடுத்ததுதானே என்பது அவர் கணக்காக இருந்திருக்கலாம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நான் முதலில் சேர்ந்த ஆய்வகம் ஞாபகம் வரும். அங்கே ஒரு சீனியர், ரீஏஜென்ட் தயாரிக்கும் குறிப்பு நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைப் பூணூல் மாதிரி உடம்பிலேயே போட்டுக்கொண்டிருப்பார். அவர் லீவு போட்டால் பாதி டெஸ்ட் நின்றுவிடும். ஓய்வு பெற்ற அன்று நோட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் ஆறு மாதம் புத்தகங்களைப் புரட்டி மறுபடி எல்லாவற்றையும் எழுதினோம். பிறகு எனக்குப் பொறுப்பு வந்தபோது நான் செய்த முதல் வேலை, எல்லா முறைகளையும் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியது.

வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கு ஹான்சன் செய்த உபகாரம் பெரிது. அமெரிக்காவில் இருக்கும் என் மருமகன் வார இறுதியில் கார் ஷெட்டில் காய்ச்சுகிறவர். அங்கே வயது வந்த ஒருவர் வருடத்துக்கு 100 காலன், இரண்டு பெரியவர்கள் உள்ள வீடு 200 காலன் வரை சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம். அந்த உரிமையே 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகு வந்ததுதான். 1933-ல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டு ஒயினை அனுமதித்தவர்கள் வீட்டு பீரை விட்டுவிட்டார்கள். மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை இழுத்தடித்தன. மருமகன் கடையில் வாங்கும் சின்னப் பாக்கெட்டில் இருப்பது ஹான்சன் வழியில் ஒற்றைச் செல்லில் இருந்து வளர்த்த ஈஸ்ட்.

ஒரு நாள் வீடியோவில் அழைத்து, "மாமா, இந்தத் தடவை பீரில் வெண்ணெய் வாசனை அடிக்குது, ஏதாவது கெட்டுப்போச்சா?" என்றார்.

பால் துறைக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். அது டைஅசிட்டைல். வெண்ணெய்க்கு அந்த மணம் வர வேண்டும் என்று நாங்கள் தேடித்தேடி உறை கிருமி வாங்குவோம். பீரில் அது குற்றம். ஈஸ்ட் வளரும்போது அதற்கான மூலப்பொருளை வெளியே விடும், அது டைஅசிட்டைலாக மாறும், கடைசியில் ஈஸ்டே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஈஸ்ட் அதை உறிஞ்சி முடிக்கும் முன்பே குளிரில் வைத்துவிட்டால் வாசனை தங்கிவிடும். "எத்தனை டிகிரியில வெச்சீங்க மாப்பிள்ளை?" என்றேன். பத்து டிகிரியில் நொதிக்கவிட்டு, நுரை அடங்கியதும் நேரே ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார். நொதிப்பு முடியும் தறுவாயில் 16, 17 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் விட்டுவைக்கச் சொன்னேன். அடுத்த ஈடு சரியாக வந்ததாம்.

மற்றச் சிக்கல்களையும் அவரிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். மருந்து நாற்றம் வந்தால் பெரும்பாலும் குழாய்த் தண்ணீரின் குளோரின் காரணம். பச்சை பாட்டிலில் வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து, ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம் வந்துவிடும், அதனால்தான் பழுப்பு பாட்டில். பாட்டில் வெடித்தால், சர்க்கரை தீரும் முன்பே அடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டினால்தான் அடைக்க வேண்டும். பேவர்ஸ்டாக்கின் குமிழ் இன்னும் வேலையில்தான் இருக்கிறது.

என் குடுவைக்கு வருகிறேன். ஹான்சன் ஈஸ்டோடு போராடிய அதே 1883-ல், அதே ஆய்வகத்தின் வேதியியல் பிரிவில் யோகான் ஜெல்டால் தன் முறையை அறிவித்தார். டென்மார்க்கில் அவர் பெயரை கெல்டால் என்பார்களாம், நமக்கு அவர் ஜெல்டால்தான். பார்லியில் புரதம் கூடினால் மால்ட்டில் சர்க்கரைக்கான மாவுச்சத்து குறையும், பீர் கலங்கலாக நிற்கும். ஆகவே புரதத்தை அளக்கச் சுலபமான வழி வேண்டும். மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்தால் அதன் நைட்ரஜன் முழுதும் அம்மோனியம் உப்பாகிவிடும். காரம் சேர்த்து வடித்தால் அம்மோனியா வரும், அதை அளந்து 6.25-ஆல் பெருக்கினால் பொதுவாகப் புரதக் கணக்கு. பாலுக்கு 6.38. அமிலப் புகை தொண்டையைப் பிடுங்கும், சட்டையில் ஓட்டை விழும். அது இல்லாமல் எனக்குப் பென்ஷன் இல்லை.

ஆனால் இந்த முறைக்கு ஒரு குருட்டுத்தனம் உண்டு. அது எண்ணுவது நைட்ரஜனை, புரதத்தை அல்ல. 2008-ல் சீனாவில் பால் பவுடரில் மெலமின் கலந்து குழந்தைகளைச் சாகடித்தார்கள் அல்லவா, அந்தத் திருட்டு இந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. என் காலத்தில் எங்களுக்கு வந்தது யூரியா. ஒரு கிராமத்தில் புதுத் தீவனம் தின்ற இரண்டு மாடுகள் வயிறு உப்பிச் செத்துப்போயின, மூட்டையில் இருந்து சாம்பிள் வந்தது. ஜெல்டாலில் போட்டால் புரதம் ரொம்ப நன்றாக, கண்ணை உறுத்தும் அளவுக்கு நன்றாக இருந்தது. மூட்டையில் இருந்ததோ பாதித் தவிடு. தவிட்டுக்கு ஏது அவ்வளவு புரதம்? யூரியாவுக்கான தனிச் சோதனை செய்தேன். மஞ்சள் நிறம் பளிச்சென்று வந்தது. சப்ளை செய்தவர்கள் ஜெல்டால் எண்ணை மட்டும் ரிப்போர்ட்டில் போட்டால் போதும் என்று ஆள்மேல் ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதி அனுப்பினேன். மாட்டுக்காரருக்கு ஏதோ நஷ்டஈடு கிடைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன், ஒரு மாட்டின் விலைக்கும் காணாது.

ஜெல்டாலுக்குப் பின் அந்தப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் சோரன்சன். நொதிகளை ஆராய்ந்தவர் 1909-ல் பிஹெச் என்ற அளவைக் கொண்டுவந்தார். அதை அளக்கும் மீட்டர் பெட்டி மட்டும் பிறகு அமெரிக்காவில், எலுமிச்சைச் சாற்றுக்காக பெக்மன் செய்தது. காய்ச்சுகிறவர்கள் மால்ட் ஊறும்போது பிஹெச் 5.2-க்கும் 5.6-க்கும் நடுவே இருக்கப் பார்ப்பார்கள். நம் பனையேறிகள் எந்த எண்ணும் இல்லாமல் இதன் மறுகோடியைப் பிடித்துவைத்திருந்தார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு காரத்தன்மை பெற்று நொதிக்காமல் பதநீராக இறங்கும், தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே பாளை.

டப்ளினில் கின்னஸ் ஆலை வேறு மாதிரி. அங்கே வில்லியம் காசெட் என்பவர் 1899-ல் சேர்ந்தார். தொட்டியில் எவ்வளவு ஈஸ்ட் விடுவது என்பதற்குச் செல்களை எண்ண வேண்டும். எண்ணுவதோ சில சொட்டுகளில். அந்தச் சில சொட்டுகளை எவ்வளவு நம்பலாம்? இந்தக் கேள்வியில் பிறந்தது அவருடைய 1907 கட்டுரை. சில மாதிரிகளை வைத்து முடிவு சொல்லும் கணக்கு 1908-ல் வந்தது, இன்று மருந்துச் சோதனை வரை எல்லாரும் போடுகிற கணக்கு. ஆனால் ஆலை தன் ஊழியர்கள் சொந்தப் பெயரில் எதையும் வெளியிட விடவில்லை. தொழில் ரகசியம் போய்விடுமாம். 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில்தான் அச்சிட்டார். கல்லூரியில் ஸ்டூடன்ட்ஸ் டி டெஸ்ட் படித்த என் பேத்தி, மாணவர்களுக்கான எளிய கணக்கு போலிருக்கிறது என்று இருந்துவிட்டாளாம்.

1900-ல் மான்செஸ்டர் பக்கம் பீர் குடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் கைகால் விளங்காமல் விழுந்ததும், அதைக் குடிகாரர் நோய் என்றே டாக்டர்கள் முதலில் எழுதிவைத்ததும், கடைசியில் சர்க்கரை தயாரித்த கந்தக அமிலத்தில் ஆர்சனிக் இருந்தது தெரியவந்ததும் இதைவிடப் பெரிய கதை. அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.